விளக்கு அணைந்தால் பிடுங்கு

என் கணவருக்குக் காது மெஷின் வாங்கப் போன இடத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அவருக்கு மெஷின் சரியாகப் பொருந்துவதற்குள் எனக்கு அது முற்றியும் விட்டது.

கடையின் முன்பக்கத்தில் கண்ணாடி அலமாரி, நாலு நாற்காலி, "கேக்குதா சார், இப்ப கேக்குதா" என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண். பின்பக்கத்தில் ஓர் அறை. பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டு போன நான் தவறி அதற்குள் நுழைந்துவிட்டேன். சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. மேசையில் சாய்வாக ஓர் இரும்புச் சட்டம். அதில் வரிசை வரிசையாகத் துளைகள். துளைக்குத் துளை மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வயர்கள். நடுநடுவே கடுகளவு விளக்குகள்.

"ஐயோ, என் போர்டு!" என்று கத்திவிட்டேன்.

இருபத்தோரு வயதிலிருந்து பதிமூன்று வருஷம் நான் ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். இப்போதுபோல் பட்டனைத் தட்டினால் பேசுகிற காலமில்லை. முன்னால் ஒரு பலகை, அதில் இருநூறு துளை, கையில் வயர். விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். வயரைச் செருகி இணைப்பேன். விளக்கு அணைந்தால் பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம், வயரைப் பிடுங்குவேன். இரண்டு நொடிக்குள் பிடுங்க வேண்டும். பின்னால் சூப்பர்வைசர் அம்மா பேனாவோடு நின்றுகொண்டிருப்பாள். கல்யாண வீட்டில் கூட, யாராவது சீரியல் லைட்டைப் போட்டால் என் கை துடிக்கும்.

கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, அதத் தொடாதீங்க. அது சிந்தசைசர்."

"அப்படின்னா?"

"மியூசிக் பண்ற மெஷின். மாடுலர்னு சொல்லுவாங்க. சனிக்கிழமை காலைல கிளாஸ் எடுக்கறேன். எட்டு வாரம். கடைசி வாரம் எல்லாரும் ஆளுக்கு அஞ்சு நிமிஷம் வாசிச்சுக் காட்டணும்."

முன்னால் காது கேட்காதவர்கள், பின்னால் காது அதிகமாகக் கேட்பவர்கள் என்று அந்தப் பெண் ஒரே கூரையின் கீழ் இரண்டு வியாபாரம் நடத்தினாள். எனக்குச் சங்கீதத்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வயர் செருகத் தெரியும். அன்றே பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் புது மெஷினைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன கத்துக்கப் போற?" என்றார். நான் திருப்பிச் சொன்னேன். "மெஷின் சரியாத்தான் வேலை செய்யுது" என்று பெருமூச்சு விட்டார்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் மட்டும் இன்னொரு வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். அதுதான் எனக்குப் பயம்.

என் நாத்தனார் அவருக்குத் தங்கை. என்னைவிட நாலு வயது சின்னவள், நாற்பது மடங்கு கறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளச் சொன்னவர்களை ஒவ்வொருவராக வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தாள். முப்பத்தைந்து வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள், அல்லது நாங்கள் அவளோடு இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். காலைப் பிரார்த்தனையில் அவள் வாயைத் திறந்தால் மைக்குக்கு வேலை இருக்காது. மைதானத்தின் கடைசி வரிசையில் கிள்ளி விளையாடுகிற பிள்ளைகள் வரை அந்தக் குரல் போய்க் காதைத் திருகும்.

இரண்டு வருஷம் முன்பு தொண்டையில் ஒரு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. இப்போது பேசினால் கனமான பீரோவைத் தரையில் இழுப்பதுபோல் இருக்கும். பேசலாம், திட்டலாம், பாட முடியாது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பாட்டு என்கிற பேச்சே இல்லை. ரேடியோவில் ஏதாவது வந்தால் எழுந்து போய் அமைதியாக அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரிப்பாள். பாத்திரம் தேய்க்கும்போது முனகுகிற என் பழக்கத்தை நானும் நிறுத்திக்கொண்டேன். அதில் அக்கம்பக்கத்துக்கு லாபம்தான்.

"நானும் வரேன்" என்றாள் நாத்தனார் அந்தச் சனிக்கிழமை காலையில், கைப்பையோடு வாசலில் நின்று.

"எதுக்கு?"

"நீங்க பாட்டு கத்துக்கறத நேர்ல பாக்கணும் அண்ணி. வீட்ல வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு எனக்கு?"

வகுப்பில் எங்களையும் சேர்த்து மூன்றே பேர். மூன்றாவது ஆள் ஒரு பல் டாக்டர். கடைக்காரப் பெண் முதலில் எல்லாவற்றையும் விளக்கினாள். அந்தச் சட்டத்தில் இருப்பது ஒரு மெஷின் இல்லை, பல சின்னப் பெட்டிகள். ஒன்று சத்தம் போடும். போட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒன்று அந்தச் சத்தத்தின் முனையைச் சீவி மழுங்கடிக்கும், அதற்கு ஃபில்டர் என்று பெயர். ஒன்று கதவுபோலத் திறந்து மூடிச் சத்தத்தை வெளியே விடும், அடக்கும். ஒன்று அந்தக் கதவை எப்போது திறப்பது என்று தாளம் எண்ணிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் யாராவது வயர் போட்டு வைத்தால்தான் உண்டு.

"எங்க வீடு மாதிரி" என்றேன்.

"உங்களுக்கு யாரு வயர் போட்டா, அண்ணி? நீங்க தானா பேசறீங்களே" என்றாள் நாத்தனார்.

"இன்னொரு விஷயம்" என்றாள் அந்தப் பெண். "இதுக்கு ஞாபகசக்தி கிடையாது. வயர எடுத்துட்டா அந்தச் சத்தம் போச்சு. எந்தத் துளையில எந்த வயர்னு எழுதி வச்சுக்கணும். சரி ஆன்ட்டி, நீங்க ஒரு வயர் போடுங்க."

போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. கை ஒன்றையும் மறக்கவில்லை. ஆழத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பிற்று. பெரிதாகி, அறையை நிறைத்து, மெல்லத் தணிந்தது. கூடவே ஒரு சிவப்பு விளக்கும் மெல்ல எரிந்து, பிரகாசித்து, அணைந்தது.

நான் வயரைப் பிடுங்கினேன்.

"கரண்ட் போச்சா?" என்றார் பல் டாக்டர்.

"இல்ல, அண்ணி போயிட்டாங்க" என்றாள் நாத்தனார்.

அன்று மட்டும் பதினோரு தடவை பிடுங்கினேன். எண்ணியது நாத்தனார். ஒரு தடவை, வயரைச் செருகும்போது, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று மெஷினிடம் சொல்லியும் விட்டேன்.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. "அது கட் ஆகல ஆன்ட்டி. மூச்சு விடுது. திரும்ப வரும்."

"வரும்னு எனக்கு எப்படித் தெரியும், கண்ணு?"

"விளக்கப் பாக்காதீங்க. கேளுங்க."

அதில்தான் இரண்டாவது வில்லங்கம். எங்கள் வேலையில் கேட்பது குற்றம். இணைப்புக் கொடுத்ததும் காதை மூடிக்கொள்ள வேண்டும். யார் யாரைத் திட்டினார்கள், யார் யாரிடம் அழுதார்கள் என்பது நமக்கு வேண்டாத சமாச்சாரம். பதிமூன்று வருஷம் பழகியதில் என் காதுக்கு ஒரு ஷட்டர் விழுந்துவிட்டது. விளக்கைப் பார்ப்பேன், சத்தம் கேட்காது. என் கணவர் பத்து நிமிஷம் பேசி முடித்த பிறகு "என்ன சொன்னீங்க?" என்பேன். இத்தனை வருஷமும் அவர் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

நாத்தனார் எனக்கு நேர்மாறு. அவளுக்கு எல்லாம் கேட்டது. "அந்த ரெண்டாவது சத்தம் ஒரு முடி அளவு கீழ இருக்கு" என்பாள். கடைக்காரப் பெண் குமிழைத் திருகிப் பார்த்து, "ஆமா ஆன்ட்டி!" என்பாள். "என்னை மிஸ்னு கூப்பிடு" என்பாள் இவள். ஆனால் வயரைத் தொட மாட்டாள். ஷாக் அடித்துவிடும் என்று பயம். பல்லிவாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டுவாள்.

ஆகவே எங்களைக் கூட்டாளிகளாக்கிவிட்டார்கள். வயர் என் கை, குமிழ் அவள் கை. காது முழுக்க அவளுடையது.

மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ரொம்ப நேரம் பஸ் வரவில்லை. "அண்ணி" என்றாள். "ஒண்ணு சொல்றேன். கிண்டல் பண்ணக் கூடாது."

"நான் எப்பப் பண்ணியிருக்கேன்?"

"இப்பவே பண்றீங்க." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "அந்த மெஷினுக்குத் தொண்டை கிடையாது. அதனாலதான் வரேன். கடைசி நாள் நாலு பேர் முன்னாடி நல்லா வந்துச்சுன்னா, தொடர்ந்து செய்வேன். வரலன்னா பாட்டு சமாச்சாரத்த இதோட மூட்டை கட்டிடுவேன். அப்புறம் யாரும் என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை என் கணவர் காப்பியில் ஏதோ குறை சொன்னதற்கு, காப்பி போடுவதையும் குடிப்பதையும் ஒரே நாளில் நிறுத்தியவள். பதினேழு வருஷம் ஆகிறது.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, டிக்கெட் எடுத்து, அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது: அவளுடைய பாட்டு இனி என் கையில் இருக்கிறது. எப்படிப்பட்ட கை!

அடுத்த ஐந்து வாரம் எங்கள் அஞ்சு நிமிஷத்தைக் கட்டினோம். கீழே ஓயாமல் ஒரு கனத்த ஒலி. அதன்மேல் நாலு சுரம் ஏறும், கடைசிச் சுரத்தில் கொஞ்சம் தயங்கி, மனசு மாறியதுபோல் இறங்கும். அந்தத் தயக்கத்துக்காக மட்டும் அவள் இரண்டு சனிக்கிழமை ஒரே குமிழைத் திருகினாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் விரலால் தாளம் போட்டாள். ரேடியோவை ஒருநாள் அணைக்க மறந்தாள். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் குழம்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

என் வியாதிக்கு அவள் பல வைத்தியம் பார்த்தாள். கையில் அடித்தாள். "பிடுங்காதே" என்று அட்டையில் எழுதி மாட்டினாள். கையின்மேல் உட்காரச் சொன்னாள். ஆனால் பாட்டின் நடுவே நான் மூன்று வயர்களை இடம் மாற்ற வேண்டும், அதற்குக் கை வேண்டும். கடைசியில் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒவ்வொரு விளக்கின்மேலும் ஒட்டிவிட்டாள். மெஷின் பார்ப்பதற்கு அம்மை வந்து எழுந்த பிள்ளைபோல இருந்தது. ஆனால் பலித்தது. விளக்கு தெரியவில்லை, கை சும்மா இருந்தது. ஏழாம் வாரம் அஞ்சு நிமிஷமும் ஒரு தடவைகூடப் பிடுங்காமல் முடித்தேன். பல் டாக்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

எட்டாவது சனிக்கிழமை. கடையின் நாற்காலிகளைப் பின்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இருபது பேர் இருப்பார்கள்: கடையின் வாடிக்கையாளர்கள், பல் டாக்டரின் குடும்பம், முன்வரிசையில் என் கணவர், புது பேட்டரி போட்டுக்கொண்டு. நாத்தனார் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கட்டுகிற பட்டுக்கரைப் புடவையை இரண்டு வருஷத்துக்குப் பிறகு எடுத்துக் கட்டியிருந்தாள்.

முதலில் பல் டாக்டர். அவர் ரொம்ப உருக்கமாகத்தான் வாசித்தார். ஆனால் அது அச்சு அசலாக அவருடைய டிரில் போலவே இருந்ததால், அவருடைய பழைய நோயாளி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து நாங்கள்.

கனத்த ஒலி எழுந்தது. அதன்மேல் நாலு சுரம் ஏறித் தயங்கி இறங்கியது. யாரோ "ஆஹா" என்று மெல்லச் சொன்னார்கள். நாத்தனாரின் முகம் மேடையேறிய முகமாக மாறியிருந்தது. கழுத்து நிமிர்ந்து, கண் பாதி மூடி. இரண்டாம் நிமிஷம் மஞ்சள் வயரை மாற்றினேன். சரியாக வந்தது. மூன்றாம் நிமிஷம் நீலம். அதுவும் சரி.

காலையிலிருந்து ஓடிய மெஷின் சூடாகியிருக்க வேண்டும். மேல்வரிசையில் ஒரு பிளாஸ்திரி ஓரத்தில் பிரிந்து, சுருண்டு, சொத்தென்று மேசையில் விழுந்தது. அதன் அடியிலிருந்த சிவப்பு விளக்கு என்னைப் பார்த்துப் பிரகாசமாக எரிந்தது.

பிறகு மெல்ல அணைந்தது.

என்ன சொல்ல! பிடுங்கிவிட்டேன்.

பிடுங்கியது சாதாரண வயரில்லை. கனத்த ஒலியும் நாலு சுரமும் ஒன்றாகச் சேர்ந்து ஃபில்டருக்குப் போகிற வயர். எல்லாம் நின்றது. அந்த அறையில் எதிரொலிகூடக் கிடையாது. ஸ்பாஞ்ச் அதையும் குடித்துவிட்டது. என் கணவர், முடிந்துவிட்டது என்று நினைத்து, தனியாகப் பலமாகக் கை தட்டினார். இன்னும் ரெண்டு பேர் மரியாதைக்குச் சேர்ந்துகொண்டார்கள்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து உட்கார்வதுபோல.

வயரின் ஒரு முனை ஃபில்டரில் இருந்தது; பிடுங்கிய முனையை எந்தத் துளையில் செருகுவது என்று தேடினேன். எழுதிவைத்த சீட்டு கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். தடுமாற்றத்தில் கட்டைவிரல் வயரின் உலோக நுனியில் பட்டது.

ம்ம்ம்ம்.

கரகரவென்று ஒரு முனகல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பயந்து விரலை எடுத்தேன், நின்றது. பட்டது, வந்தது. தாளம் எண்ணுகிற பெட்டி தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டுதான் இருந்தது. கதவு திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் முனகல் துண்டு துண்டாக, தாளத்தில் வந்தது. ம்ம், ம்ம், ம்-ம்ம்.

நாத்தனாரின் தலை திரும்பியது.

"விடாதீங்க" என்றாள் அடிக்குரலில்.

"என்னது இது?"

"நீங்கதான். புடிங்க."

பிடித்தேன். அவள் கை ஃபில்டர் குமிழுக்குப் போயிற்று. திருகத் திருக அந்தக் கரகரப்பு மழுங்கி, உருண்டு, போர்வைக்குள் யாரோ பேசுவதுபோல் ஆனது. மறுபடி திருக, கூர்மையாகி மேலே எழுந்தது. அது சுத்தமான சத்தம் இல்லை. கமறலும் பிசிறுமாக இருந்தது. அவள் பேசுவதுபோலவே இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிசிறையும் தேடித் தேடி வெளியே கொண்டுவந்தாள்.

"அழுத்திப் புடிங்க."

அழுத்தினேன். சத்தம் பெரிதாயிற்று.

"விடுங்க. புடிங்க. இப்ப லேசா." பிறகு, இருபது பேர் முன்னால், கொஞ்சமும் கூச்சமில்லாமல்: "விரல எச்சில் பண்ணுங்க அண்ணி."

"எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். காயுது."

விரலை நக்கினேன். மெஷின் சிங்கம்போல் உறுமியது. என் கணவர் எழுந்து, "அவளுக்கு ஷாக் அடிக்குது!" என்றார். கடைக்காரப் பெண் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒண்ணும் ஆகாது சார். நம்ம உடம்புல சும்மா இருக்கற இரைச்சல்தான் அது."

முப்பத்தைந்து வருஷமாக என் நாத்தனார் என்னை ஆட்டிவைக்கிறாள். பொதுமேடையில் அதுதான் முதல் தடவை. அழுத்தச் சொன்னால் அழுத்தினேன், விடச் சொன்னால் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். தலையை அசைப்பாள், எனக்குப் புரிந்தது. பிறகு தலையையும் அசைக்கவில்லை. நாலு சுரம் இல்லாமலே அந்தத் தயக்கத்தை அவள் கொண்டுவந்தாள்: ஏறி, நின்று, மனசு மாறி, இறங்கினாள். எங்கே நிற்கப் போகிறாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. விளக்குகளை நான் பார்க்கவில்லை. எரிந்ததா அணைந்ததா, இன்றுவரை தெரியாது.

அஞ்சு நிமிஷம் எட்டு நிமிஷமாயிற்று. அவள் ஃபில்டரைக் கடைசிவரை மூடினாள். நான் விரலை எடுத்தேன்.

இந்தத் தடவை என் கணவர் கை தட்டவில்லை. முடிந்ததா இல்லையா என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தட்டினார்கள். கடைக்காரப் பெண் ஓடிவந்து, "மிஸ், அத எப்படி யோசிச்சீங்க?" என்றாள். நாத்தனார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அண்ணியோட முட்டாள்தனத்த நாங்க வீட்ல தினமும் உபயோகிச்சுத்தான் ஆகணும்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர்தான் பேசினார். "நடுவுல கரண்ட் போச்சு பாரு, அதுக்கப்புறம் வந்தது ரொம்ப நல்லா இருந்துச்சு. உன் குரல் மாதிரியே இருந்துச்சு" என்றார் தங்கையிடம். இரண்டு வருஷமாக அவள் குரலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்குகிற இடம் வரை திரும்பவில்லை. நல்லா வந்த கணக்கா, மூட்டை கட்டுகிற கணக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் எதிரில் வந்து நின்று, "கையக் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

காட்டினேன். வலது கையைப் புரட்டி, காய்கறிக் கடையில் வெண்டைக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள். மோதிர விரலில் கொஞ்சம் நின்றாள்.

"கட்டைவிரல்ல ஒரு சத்தந்தான் வருது. இந்த விரலையும் சேத்து வச்சா ரெண்டு வயர் புடிக்கலாம். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ." எங்கோ பார்த்துக்கொண்டு யோசித்தாள். "நகம் நீளமா இருக்கு. நுனில சரியா படாது. சனிக்கிழமைக்குள்ள வெட்டிடுங்க."

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ஒரு நிமிஷம் கழித்துச் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது: கரகரவென்று, பிசிறோடு, தாளத்தில். ம்ம், ம்ம், ம்-ம்ம்.

என் கணவர் காதிலிருந்த மெஷினைத் தட்டினார். "இதுல ஏதோ இரையுது" என்றார்.

"கழட்டாதீங்க" என்றேன். "அப்படியே இருங்க."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு நகவெட்டியைத் தேடப் போனேன்.